கையில் தெரியும் வீக்கமெல்லாம் நீர்க்கட்டி அல்ல

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?" என்று ஒரு பழமொழி உண்டு. கையில் இருப்பது கண்ணுக்கே தெரியும், அதைக் காட்டித் தர இன்னொரு பொருள் வேண்டாம் என்பது அதன் பொருள். புண்ணைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் கையில் தோன்றும் வீக்கத்தைப் பொறுத்தவரை நம் கண் பல நேரம் ஏமாந்துவிடுகிறது.

காரமடை சுற்றுவட்டாரத்தில் பலருடைய பிழைப்பு கையை நம்பித்தான் இருக்கிறது. தோட்டத்தில் கறிவேப்பிலை ஒடிப்பவர்கள், வாழைத்தார் வெட்டிச் சுமப்பவர்கள், சிறுமுகையில் தறி நெய்பவர்கள், மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றி இறக்குபவர்கள், வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் பெண்கள் என்று பட்டியல் நீளும். இவர்களில் ஒருவருக்குப் புறங்கையில், மணிக்கட்டைத் தாண்டிய இடத்தில், ஒரு மேடு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை கூடினால் வலிக்கிறது. இரண்டு நாள் ஓய்வெடுத்தால் குறைகிறது. பார்ப்பவர்கள் எல்லோரும் "நீர்க்கட்டிதான்" என்கிறார்கள். காசு வைத்து இறுக்கிக் கட்டச் சொல்கிறார் ஒருவர். எண்ணெய் போட்டு நீவச் சொல்கிறார் இன்னொருவர். ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்தால் போதும் என்கிறார் மற்றொருவர்.

பெரும்பாலானவர்களுக்கு அது நீர்க்கட்டியாகவே இருக்கும். ஆனால் சிலருடைய கையில் அந்த மேட்டுக்குள் நீரே இருக்காது. இருப்பது தசை. பிறவியிலேயே கூடுதலாக அமைந்துவிட்ட ஒரு சிறு தசை. அதை அமுக்கினாலும் போகாது, நீவினாலும் கரையாது. தெரியாமல் வெட்டி எடுத்தால், விரலுக்கு உதவிக்கொண்டிருந்த ஒன்றை இழக்க நேரலாம். ஆகவே கத்தி வைக்கும் முன் "இது என்ன?" என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைக்க வேண்டும். இந்தப் பாடத்தின் நோக்கம் அதுதான்.

விரலை இழுப்பது எது?

முதலில் கையின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றை அசைக்க முன்கையிலும் உள்ளங்கையிலுமாக 30க்கும் மேற்பட்ட தசைகள் உள்ளன. ஆனால் விரல்களுக்குள் சதைப்பற்றான தசை கிடையாது. விரலை மடக்கும், நீட்டும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறுபோன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்கு வருகின்றன. பொம்மலாட்டக்காரர் மேலே நின்று நூலை இழுக்க, கீழே பொம்மை கையசைப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

மணிக்கட்டு ஒரு குறுகலான பாதை. உள்ளங்கைப் பக்கம் எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே ஒரு குகை இருக்கிறது. அதற்குள் 9 தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் நெருக்கிக்கொண்டு போகின்றன. புறங்கைப் பக்கமும் இதேபோல் ஒரு பட்டை தசைநாண்களை அழுத்திப் பிடித்திருக்கிறது. ஏற்கெனவே இடமில்லாத இந்தப் பாதையில் கூடுதலாக ஒரு தசை வந்து சேர்ந்தால் நெரிசல் உண்டாகிறது. வலியும் மரமரப்பும் பெரும்பாலும் இந்த நெரிசலால்தான் வருகின்றன. தசை கூடுதலாக இருப்பது மட்டும் நோய் ஆகாது.

புறங்கையில் ஒரு கூடுதல் தசை

உங்கள் பாதத்தின் மேற்புறத்தைப் பாருங்கள். வெளிப்பக்கமாக, கணுக்காலுக்குச் சற்று முன்னால், கால்விரல்களை மேலே தூக்கினால் ஒரு சிறு சதை புடைக்கும். அது எல்லோருக்கும் இருக்க வேண்டிய தசை. அதைப் போன்ற ஒரு குட்டைத் தசை, நூற்றில் இரண்டு மூன்று பேருக்குப் புறங்கையிலும் அமைந்துவிடுகிறது. லைடன் நகரின் உடற்கூற்றியல் பேராசிரியர் அல்பினஸ் 1734ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மருத்துவச் சீட்டில் இதை 'எக்ஸ்டென்சர் டிஜிட்டோரம் பிரெவிஸ் மேனஸ்' என்று குறிப்பிடுவார்கள். பெயர் நீளமாக இருந்தாலும், 'விரல்களை நீட்டும் கையின் குட்டைத் தசை' என்பதுதான் பொருள்.

இது மணிக்கட்டின் பின்பக்கத்தில் தொடங்கி ஆள்காட்டி விரலுக்கோ நடுவிரலுக்கோ செல்கிறது. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்நாள் கழிந்துவிடும். கடினமாக உழைப்பவர்களுக்குத் தசை பருத்து, மேலே இருக்கும் பட்டையின் ஓரத்தில் இடிக்கத் தொடங்கும்போது வலி வருகிறது. மூட்டை தூக்கும்போதும், கையை ஊன்றி எழும்போதும், தொழுகையில் ஸஜ்தாவுக்குக் கையூன்றும்போதும் அந்த வலி உறைக்கலாம். அத்தஹிய்யாத்தில் கலிமா விரலை உயர்த்தும்போது புறங்கையில் ஒரு மேடு எழும்பி, விரலைத் தாழ்த்தியதும் அடங்குவதைச் சிலர் கவனித்திருக்கக்கூடும். அந்தக் கவனிப்பே நோயறிதலுக்கு நல்ல தடயம்.

வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனை

1. கையை மேசை ஓரத்தில், உள்ளங்கை கீழே இருக்குமாறு வையுங்கள். மணிக்கட்டைச் சற்றே கீழ்நோக்கி வளைத்து, விரல்களை நேராக நீட்டுங்கள்.

2. மற்றொரு கையால் ஆள்காட்டி விரலை மேலிருந்து அழுத்துங்கள். அந்த அழுத்தத்தை எதிர்த்து விரலை மேலே தூக்க முயலுங்கள். அடுத்து நடுவிரலுக்கும் இதேபோல் செய்யுங்கள்.

3. அப்போது வீக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். விரலைத் தூக்க முயலும்போது அது இறுகிப் புடைத்து, விட்டதும் தளர்ந்தால் தசையாக இருக்க வாய்ப்பு அதிகம். நீர்க்கட்டி இப்படி விரல் சொன்னபடி இறுகித் தளராது.

4. இருட்டறையில் சிறு டார்ச் லைட்டை வீக்கத்தின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். நீர்க்கட்டியானால் பெரும்பாலும் சிவப்பாக ஒளி ஊடுருவும். தசையானால் ஊடுருவாது.

வடிவமும் இடமும்கூட உதவும். நீர்க்கட்டி உருண்டையாக, மணிக்கட்டு மூட்டையொட்டி இருக்கும். சில வாரம் பெருத்தும் சில வாரம் சிறுத்தும் காணப்படும். கூடுதல் தசையோ நீளவாக்கில் கதிர் வடிவில், விரல்களை நோக்கிப் போகும். இரண்டு கையிலும் இருக்கலாம்.

இந்தச் சோதனை மருத்துவரிடம் சரியாகச் சொல்வதற்கு மட்டுமே. இதை வைத்து நாமே முடிவு செய்துவிடக் கூடாது. தசைநாண் உறையில் வளரும் கட்டி முதலான வேறு சில கட்டிகளும் புறங்கையில் வருவதுண்டு.

மற்ற சில மாறுபாடுகள்

இல்லாத தசைநாண்: கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து வைத்து, மணிக்கட்டை உள்நோக்கி மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு கயிறு எழும்பித் தெரியும். அதுவே 'பால்மாரிஸ் லாங்கஸ்' என்ற தசையின் நாண். உலக அளவில் நூற்றில் சுமார் 15 பேருக்கு ஒரு கையிலாவது இது இருப்பதில்லை. இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், பிடிமானத்தில் குறிப்பிடத்தக்க குறை எதுவும் வராது. சிலருக்கு இதே தசை தலைகீழாக அமைந்து, சதைப்பகுதி மணிக்கட்டுக்கு அருகே வந்துவிடும். அப்போது மணிக்கட்டின் உட்புறத்தில் வீக்கமும், நரம்பு நெருக்கப்பட்டால் விரல்களில் மரமரப்பும் உண்டாகும்.

சுண்டுவிரல் பக்கத்துக் கூடுதல் தசை: சுண்டுவிரலை விலக்கும் தசைக்குத் துணையாக மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு கூடுதல் தசை இருப்பது மிகச் சாதாரணம். எம்ஆர்ஐ ஆய்வுகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது காணப்பட்டிருக்கிறது. பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. பருத்தால் அருகில் செல்லும் நரம்பை அழுத்தி, சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் மரமரப்பை உண்டாக்கலாம்.

உள்ளங்கைத் தசைகள்: ஆள்காட்டி விரலை மடக்கும் தசையின் சதைப்பகுதி சிலருக்கு உள்ளங்கை வரை இறங்கியிருக்கும். உள்ளங்கையில் உள்ள மெல்லிய புழுவடிவத் தசைகள் சிலருக்கு வழக்கத்தைவிட மேலே தொடங்கும். கையை மூடித் திறக்கும்போது இவை மணிக்கட்டுக் குகைக்குள் புகுந்து நரம்பை நெருக்கும். கத்தரிக்கோல் பிடித்து, மம்மட்டி பிடித்து, தறியில் கைவைத்து நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்கு இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைவது இப்படியும் வரலாம்.

ஒட்டிக்கொண்ட நாண்கள்: மற்ற விரல்களை நீட்டி வைத்துக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் மடக்கிச் சுண்டுவிரலின் அடிப்பகுதி நோக்கிக் கொண்டு போங்கள். ஆள்காட்டி விரலின் நுனியும் தானாக மடங்குகிறதா? அப்படியானால் அந்த இரு விரல்களின் நாண்களுக்கு இடையே ஓர் இணைப்பு இருக்கிறது. லின்பர்க், காம்ஸ்டாக் என்ற இரு மருத்துவர்கள் 1979இல் இதை விளக்கினார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஒரு கையிலாவது இது இருக்கும். நுணுக்கமான கைவேலை செய்பவருக்கு வலி தந்தால் மட்டுமே சிகிச்சை.

கட்டைவிரல் அடியில் தனி அறை: குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மார்களுக்கும் தையல் வேலை செய்பவர்களுக்கும் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலி வருவதுண்டு. அங்கே இரண்டு நாண்கள் ஒரே உறைக்குள் போக வேண்டும். சிலருக்கு நடுவில் ஒரு தடுப்பு இருந்து, ஒரு நாண் தனி அறைக்குள் மாட்டிக்கொள்ளும். ஊசி போட்டும் வலி குறையாததற்கு இது ஒரு காரணம். இந்தத் தடுப்பை முன்கூட்டியே ஸ்கேனில் பார்த்துவிடலாம்.

குழந்தைகளிடம் கவனிக்க வேண்டியவை

பிறந்த குழந்தை கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருப்பது இயல்பு. மூன்று நான்கு மாதம் கடந்தும் குழந்தை கட்டைவிரலை வெளியே நீட்டவே இல்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டைவிரலை நீட்டும் தசை வளர்ச்சி குன்றியிருக்கலாம். சீக்கிரம் வந்தால் சிறு அச்சுப்பட்டை கட்டியே பல குழந்தைகளுக்குச் சரிசெய்ய முடிகிறது. தாமதித்தால் தோலும் மூட்டும் இறுகி, அறுவை சிகிச்சை தேவைப்படும்.

மிக அரிதாக, ஒரு குழந்தையின் ஒரு கை மட்டும் சதைப்பிடிப்பாகப் பெருத்து, விரல்கள் காற்றில் சாய்ந்த பயிர்போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். உள்ளே பல கூடுதல் தசைகள் இருக்கும். கரு உருவான பின் கையின் செல்களில் மட்டும் நிகழும் ஒரு மரபணு மாற்றம் இதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டுள்ளது. தாய் கிரகணத்தில் வெளியே போனதாலோ எதையோ சாப்பிட்டதாலோ வந்தது அல்ல. எந்தத் தாயையும் இதற்காகக் குறை சொல்வது அநியாயம்.

மருத்துவர் எப்படி உறுதி செய்கிறார்?

அனுபவமுள்ள மருத்துவர் முதலில் உங்கள் வேலை என்ன, எந்த அசைவில் வலி, எவ்வளவு நாளாக என்று கேட்பார். விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொல்லித் தொட்டுப் பார்ப்பார். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை. விரலை அசைக்கச் சொல்லிக்கொண்டே பார்க்கலாம் என்பது இதன் பெரிய பலன். நீர்க்கட்டி கருப்புக் குமிழாகத் தெரியும். தசை நார்நாராகத் தெரிந்து, விரல் அசையும்போது சுருங்கி விரியும். சந்தேகம் தீராவிட்டாலோ அறுவை சிகிச்சைக்குத் திட்டமிட வேண்டியிருந்தாலோ எம்ஆர்ஐ எடுப்பார்கள். மரமரப்பு இருந்தால் நரம்பின் ஓட்டத்தை அளக்கும் சோதனையும் செய்வார்கள்.

மரமரப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கழுத்தெலும்புத் தேய்மானம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள். தொழுநோயும் கை நரம்பைத் தாக்கும். அதற்கான மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம், முழுமையாகக் குணமாகும்.

சிகிச்சை படிப்படியாக

முதல் படி, விளக்கம் மட்டும். வலி இல்லை, மரமரப்பு இல்லை என்றால் கூடுதல் தசைக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. "இது தசை, கட்டி அல்ல" என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். அந்த ஸ்கேன் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். பிற்காலத்தில் வேறு மருத்துவரிடம் போகும்போது உதவும்.

இரண்டாம் படி, வேலையில் மாற்றம். மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்துச் செய்யும் வேலையைச் சில வாரம் குறைப்பது, மணிக்கட்டுக்குப் பட்டை அணிவது, மருத்துவர் சொன்ன அளவில் வலி மருந்து எடுப்பது ஆகியவை இதில் அடங்கும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருந்துக்கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஊசி போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள் சில நாட்களுக்குச் சர்க்கரை அளவு ஏறக்கூடும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி, அறுவை சிகிச்சை. இவற்றால் தீராத வலிக்கும், நரம்பு நெருக்கத்துக்கும் மட்டுமே இது. பெரும்பாலும் கையை மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்துவிடுகிறார்கள். சில நேரம் மேலே உள்ள பட்டையைத் தளர்த்தினால் போதும். சில நேரம் கூடுதல் தசையை எடுக்க வேண்டிவரும்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. ஆள்காட்டி விரலைத் தனியாக நீட்டுவதற்கென்று ஒரு தசை வழக்கமாக முன்கையில் இருக்கும். புறங்கையில் குட்டைத் தசை உள்ள சிலருக்கு அந்த வழக்கமான தசை இருப்பதே இல்லை. அவர்களுக்கு இந்தக் குட்டைத் தசைதான் அந்த வேலையைச் செய்கிறது. நீர்க்கட்டி என்று நினைத்துத் திறந்து, கண்ட சதையை வெட்டியெறிந்தால், மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டும் திறன் குறைந்துவிடும். நூல் கோப்பவருக்கும் தையல்காரருக்கும் அது பெரிய இழப்பு.

உதவாதது போல் தோன்றும் நாண்களுக்கும் மதிப்பு உண்டு. 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, வேலை செய்யும் தசையின் நாணை மாற்றி இணைத்து மீண்டும் இயக்கம் தந்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1970களில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தனித்துறையை வளர்த்தார். இன்றும் அறுந்த நாணுக்கு ஒட்டுப்போட மருத்துவர்கள் முதலில் தேடுவது, முன்னே சொன்ன பால்மாரிஸ் நாணைத்தான். இன்று 'தேவையில்லாதது' என்று தோன்றுவது நாளை விபத்தில் நம் கையையே காப்பாற்றும் உதிரிப் பாகம் ஆகலாம்.

ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இது நீர்க்கட்டி என்று ஸ்கேனில் உறுதியாகிவிட்டதா?
2. தசையானால், எந்த விரலுக்குப் போகிறது? அந்த விரலுக்கு வேறு தசை இருக்கிறதா?
3. எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்?
4. எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது? கனம் தூக்க எத்தனை வாரம் ஆகும்?
5. அறுவைக்குப் பிறகு விரல் பயிற்சி எங்கே கிடைக்கும்?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல மருத்துவர்கள் இவற்றை விரும்பியே பதில் சொல்வார்கள். ஐந்தாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். அறுவை நன்றாக முடிந்தும், பயிற்சி செய்யாததால் விரல் இறுகிப்போவதுண்டு.

நம் பகுதியில் எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமோ மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனையோ போதும். அங்கிருந்து கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம். மில், கம்பெனி வேலையில் இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனையை நாடலாம். கை அறுவை சிகிச்சைக்கு உலக அளவில் பெயர்பெற்ற கங்கா மருத்துவமனை, காரமடையிலிருந்து கோவைக்குப் போகும் அதே மேட்டுப்பாளையம் சாலையில்தான் இருக்கிறது. டாக்டர் எஸ். ராஜா சபாபதி வளர்த்த அதன் கை அறுவைப் பிரிவுக்குப் பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அறுவையும் அதில் அடங்காது. எனவே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகக் கேட்டுக்கொள்வது நல்லது. சந்தேகங்களுக்கு 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

• விரல்களில் தொடர்ந்து மரமரப்பு, அல்லது சூடு குளிர் தெரியாமல் போவது
• கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப்போவது
• கையிலிருந்து பொருள் நழுவி விழுவது, பொத்தான் போடச் சிரமப்படுவது
• வீக்கம் வேகமாக வளர்வது, கல்போல இறுகி அசையாமல் இருப்பது
• வேலை செய்யாத போதும் இரவில் வலிப்பது

நரம்பு நீண்ட நாள் நெருக்கப்பட்டால், பிறகு விடுவித்தாலும் வற்றிய சதை முழுதாகத் திரும்பாமல் போகலாம். "அடுத்த சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் இதில் கணக்கில் வரும்.

தன் கையே தனக்கு உதவி என்பார்கள். அந்தக் கையில் புதிதாக ஒன்று தெரிந்தால் பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். காசு வைத்துக் கட்டும் முன், விரலைத் தூக்கிப் பாருங்கள். கத்திக்குச் சம்மதிக்கும் முன், ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். இந்த இரண்டையும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும், உடன் வேலை செய்பவர்களுக்கும் சொல்லுங்கள். ஒரு குடும்பத்தின் கூலி அதனால் காப்பாற்றப்படலாம்.